பௌலிங் செருப்போடு போட்ட ஓட்டு

டியோலிண்டா ஃபுர்ட்டாடோ வாயைத் திறந்தால் மீன்துறை வரை கேட்கும். மாசசூசெட்ஸ் கடலோரம், எங்கள் ஆல்டன் துறையில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஊரின் மின்சாரக் குழுவுக்கு ஆள் கிடைக்காமல் தவித்தபோது, "கரண்ட் பில்லைப் பார்த்து வீட்ல கத்தறதை அங்க வந்து கத்தறேன்" என்று தானாகவே போய்ச் சேர்ந்தாள்.

குழுவின் யோசனை எளிது. வீட்டுக்கு வீடு தனியாக வாங்காமல், பக்கத்து ஊர்களோடு சேர்ந்து மொத்தமாக விலை பேசி மின்சாரம் வாங்குவது. கம்பியும் கம்பமும் பழைய கம்பெனியுடையதாகவே இருக்கும். பிடிக்காதவர் விலகிக்கொள்ளலாம். இதற்கு ஊரார் கூடி ஓட்டுப் போடும் ஊர்க்கூட்டம் அனுமதிக்க வேண்டும்.

படகு எஞ்சின் பழுது பார்க்கும் அவள் தம்பி கில்பெர்ட்டோவுக்கு இதெல்லாம் கேலி. "ஊரே கரண்ட் வாங்குதாம்! அடுத்து என் முட்டையையும் நீங்களே வேகவெச்சுக் குடுத்துடுங்க."

"உன் சமையலுக்கு அதுவே மேல்டா" என்பாள்.

கூட்டத்தன்று நல்ல மழை. போதாக்குறைக்கு டிவியில் பேஸ்பால். பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் பாதி நாற்காலி காலி. தலைமை வகித்த விட்கோம் தலைகளை எண்ணிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "குறைந்தபட்ச எண்ணிக்கை வரலை. கொஞ்ச நேரம் பார்ப்போம். இல்லேன்னா அடுத்த கூட்டத்துக்குத்தான்." அடுத்த கூட்டம் இலையுதிர் காலத்தில். அதுவரை பக்கத்து ஊர்கள் காத்திருக்காது.

பள்ளிக்கு எதிர்ச்சாரியில், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் கூடம். நான் அப்போதுதான் பந்தைக் கையில் எடுத்திருந்தேன். சொட்டச் சொட்ட நனைந்தபடி டியோலிண்டா உள்ளே வந்து, பந்து உருளும் பாதையின் நடுவிலேயே நின்றுவிட்டாள்.

"பந்தைக் கீழ வைங்க! ஊர்க்கூட்டத்துக்கு ஆள் பத்தலை. எல்லாரும் கிளம்புங்க!"

"இந்த வாடகைச் செருப்பை மாத்திக்கிட்டு வரோம் லிண்டா."

"செருப்பைப் பார்த்தா ஓட்டு வாங்கறாங்க? வாங்கன்னா!"

கில்பெர்ட்டோவும் எங்களோடு ஆடிக்கொண்டிருந்தான். "நான் வந்தா வேண்டாம்னுதான் போடுவேன், அக்கா."

"தாராளமா போடு. இப்ப எனக்குத் தலைதான் வேணும். உன்னுது காலியா இருந்தாலும் பரவாயில்ல."

சிரித்துக்கொண்டே மழையில் ஓடினோம். மெழுகு போட்ட தரையில் பௌலிங் செருப்பு வழுக்கி, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தோம். விட்கோம் மறுபடி எண்ணினார். விரல் அந்தரத்தில் நின்றது. "இன்னும் ஒருத்தர்."

கில்பெர்ட்டோ வாசலுக்கு வெளியே நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். "உள்ள வாடா!" என்று கூடமே அலறியது. அவன் சிகரெட்டை அணைத்து, ஒரு மகாராஜாவைப் போல நிதானமாக நடந்து வந்தான். எண்ணிக்கை முடிந்தது! கைதட்டலில் ஜன்னல் அதிர்ந்தது.

டியோலிண்டா ஒலிபெருக்கியைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினாள். "கடைக்குத் தனியாப் போனா கடைக்காரன் சொல்றதுதான் விலை. ஊரோட போனா அவன் எழுந்து நின்னு பேசுவான். அவ்வளவுதான் சமாச்சாரம்."

பச்சை நிற ஓட்டு அட்டைகள் உயர்ந்தன. என் முன்னால் ஒரே பச்சைக் காடு. "எதிர்ப்பவர்கள்?" என்றதும் சொன்னபடியே கில்பெர்ட்டோ அட்டையைத் தூக்கினான், கூடவே இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில. தீர்மானம் நிறைவேறியது. டியோலிண்டா முதலில் கட்டிப்பிடித்தது அவனைத்தான். "விடு அக்கா, எல்லாரும் பார்க்கறாங்க" என்று நெளிந்தான்.

மாநில அரசு ஒப்புதல் தந்து, விலைப்புள்ளிகளைத் திறந்த காலையில் அவள் பள்ளி வாசலில் பேருந்தை நிறுத்திவிட்டு போனுக்காகக் காத்திருந்தாள். கம்பெனி விலையைவிடக் குறைவு என்று சேதி வந்தது. ஹாரனை அவள் அழுத்திய அழுத்தில் ஆசிரியர்களெல்லாம் வெளியே ஓடி வந்தார்கள். பின்னால் எல்லாப் பருவத்திலும் மலிவாகவே இருந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் கம்பெனி விலை எகிறியபோது எங்கள் விலை அசையவில்லை.

முதல் வேலையாக விலகிப்போயிருந்த கில்பெர்ட்டோ, ஒரு ஞாயிறு அவள் வீட்டில் கீரை சூப்பைக் கிண்டிக்கொண்டே கேட்டான்.

"அக்கா, அதுல திரும்பச் சேர என்ன பண்ணணும்?"

அவள் சிரித்த சிரிப்பு அடுத்த தெருவில் இருந்த எனக்கே கேட்டது.