நியூட்ரல் ஆயிலை மாற்றிய கதை

நியூட்ரல் என்றால் எங்கள் உறவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் ஆள் யார் என்று யோசிப்பார்கள். சிக்னலில் சிவப்பு விழுந்ததும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுக் கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடுவான். எவ்வளவு அவசரச் சவாரியானாலும் அப்படித்தான். பெயர் அங்கிருந்து வந்தது. ஆனால் அது ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் வேறு. எந்தச் சண்டையிலும் அவன் ஒரு பக்கம் சேரமாட்டான். சம்பந்திகள் இரண்டு பேர் முறைத்துக்கொண்டு நின்றால் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து இரு பக்கமும் தலையாட்டுவான். "ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்" என்பான். அதைக் கேட்டுக் கோபம் வந்து, சண்டை போட்டவர்கள் ஒன்றுசேர்ந்து அவனைத் திட்டின கதையும் உண்டு.

எனக்கு அவன் எப்படி உறவு என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் பெரிய அண்ணனுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் மெக்கானிக். இளையவளைக் கட்டியவன்தான் நியூட்ரல். அவனுடைய அப்பா என் அண்ணிக்குப் பெரியப்பா மகன். ஆகவே பெண்ணுக்கு முறைப்படி மாமன் மகன். வெளியே மாப்பிள்ளை தேடி அலையாமல் முடிந்த கல்யாணம் அது. அண்ணனும் அண்ணியும் போனபிறகு நான் மெக்கானிக்கின் வீட்டோடு வந்துவிட்டேன். அவன் என்னைச் சித்தப்பா என்பான், நியூட்ரல் சின்ன மாமா என்பான்.

நியூட்ரல் முதலில் ரொட்டி வண்டி ஓட்டினான். பிறகு பள்ளிக்கூட வேன். அதில் பிள்ளைகள் போட்ட கூச்சலில் இடது காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது என்று சொல்வான். மனைவி சொல்லும்போது மட்டும் கேட்காத காது அது என்பாள் என் அண்ணன் மகள். அப்புறம் சொந்தமாக ஒரு வாடகைக் கார். பதினைந்து வருஷம் அதையே ஓட்டினான்.

அந்தக் காருக்கு ஆயில் மாற்றுவது எப்போதும் மெக்கானிக்கின் ஷெட்டில்தான். வீட்டுக்குப் பின்பக்கம், தகரக் கூரை போட்ட இடம். மற்ற ஷெட்களில் ஆயில் மாற்றினால் இருபது நிமிஷத்தில் சாவியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எங்கள் மெக்கானிக் அப்படி இல்லை. இஞ்சின் சூடாக இருக்கும்போதே அடி நட்டைக் கழற்றுவான். கறுப்பு எண்ணெய் முதலில் கொட்டும், பிறகு நூலாக இறங்கும், பிறகு சொட்டும். அந்தச் சொட்டு நிற்கும்வரை நட்டைத் திரும்பப் போடமாட்டான். "பழசுல ஒரு ஸ்பூன் உள்ள இருந்தாலும் புதுசு கெட்டுரும்" என்பான். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஆகும். அவசரப்படுகிற ஆட்கள் வேறு ஷெட்டுக்குப் போய்விடுவார்கள்.

அந்தச் சொட்டு நேரம்தான் என் அண்ணன் மகள் பிறந்த வீட்டுக்கு வருகிற நேரம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆயில், ஆயிலோடு அவள். இறங்கியதும் தன் அண்ணியோடு, அதாவது மெக்கானிக்கின் மனைவியோடு, அடுப்படியில் புகுந்துவிடுவாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள், சண்டை போடுவார்கள், மறுபடி சிரிப்பார்கள். ஷெட்டில் ஆண்கள் இரண்டு பேரும் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பார்கள். சாப்பிட்டு முடிக்கவும் சொட்டு நிற்கவும் சரியாக இருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் போய்விட்டாள். வயிற்றில் கட்டி. கண்டுபிடித்தபோதே முற்றிவிட்டது. அதற்குப் பிறகும் நியூட்ரல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டுதான் இருந்தான். நட்டைக் கழற்றுவார்கள், சொட்டும், மெக்கானிக்கின் மனைவி சோறு போடுவாள், சாப்பிட்டுவிட்டுப் போவான். அவளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். பேச்செல்லாம் பிரேக்கைப் பற்றியும் டயரைப் பற்றியும்தான்.

போன வருஷம் பழைய கார் படுத்துவிட்டது. ஐந்து வயசான வேறொரு கார் வாங்கினான். சின்ன இஞ்சின், ஆனால் இழுவைக்கு டர்போ வைத்தது. அதற்கும் மெக்கானிக் தன் பீப்பாயிலிருந்த வழக்கமான கெட்டி ஆயிலையே ஊற்றினான். இரண்டு மூன்று வாரத்தில் காலையில் ஸ்டார்ட் செய்தால் மேலே டிக் டிக் என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். நியூட்ரலுக்கு மந்தக் காதிலும் அது கேட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

அவன் வண்டி போடும் ஸ்டாண்டில் அந்தச் சமயம் பார்த்து, புதுசாக வருகிற சிந்தெடிக் ஆயில் நல்லதா, பழைய சாதா ஆயில் நல்லதா என்று பேச்சு. அங்கே ஹாரன் என்று ஒருத்தன், தொண்டையைத் திறந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். டீசல் என்று ஒரு பெரியவர். அந்தப் பேச்சை நியூட்ரலே எனக்குப் பிறகு நடித்துக் காட்டினான்.

"சிந்தெடிக்னா என்னய்யா? நைலான் மாதிரிதானே?" என்றாராம் டீசல். "நைலான் சட்டைய போட்டுக்கிட்டு வெயில்ல ஒரு மணி நேரம் நில்லு. இஞ்சினுக்கு எப்படி இருக்கும்னு தெரியும்."

"அண்ணே, உங்க வண்டிக்கு எத ஊத்தினாலும் ஒண்ணுதான். எல்லாம் ஒழுகிக் கீழ நிக்கிற பூனைக்குத்தான் போகும்" என்றான் ஹாரன். "என் வண்டிக்கு ஃபுல் சிந்தெடிக் ஊத்தி ரெண்டு வருஷம் ஆச்சு. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவதான் மாத்துறேன். பூ மாதிரி ஓடுது."

"நானும் அப்படி யாரோ சொன்னாங்கன்னு என் பழைய வண்டிக்கு ஊத்தினேன்" என்றார் டீசல். "உள்ள அடைச்சிருந்த கசடையெல்லாம் கழுவிருச்சு. ஒழுகாம பிடிச்சிருந்த சீல் அத்தனையும் வாயத் திறந்துக்கிச்சு. அப்பத்துல இருந்துதான் இந்தப் பூனை என் பின்னாடியே சுத்துது."

"இருபது வருஷ வண்டிக்கு ஊத்தினா? கிழவன ஓட்டப்பந்தயத்துல விட்டுட்டு மூச்சு வாங்குதுங்கிறீங்க. ஆனா டர்போ வண்டிக்குச் சாதா ஆயில் ஊத்தின கதை தெரியுமா? நம்ம மளிகை வேன்காரர் வண்டில டர்போ வெந்து போச்சு. மனுசன் இப்ப பஸ்ல போறார்." ஹாரன் திரும்பிப் பார்த்தான். "நியூட்ரல், நீ சொல்லு."

"ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்."

"அது கிடக்கட்டும். உன் வண்டிக்கு எது?"

நியூட்ரல் எழுந்து போய் வண்டிக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தானாம்.

அந்த வாரம் என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனான். திரும்பும்போது சிக்னலில் நியூட்ரலுக்குப் போட்டுவிட்டு, "சின்ன மாமா, ஒண்ணு கேக்கணும்" என்றான். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் எனக்கு எதிரே எல்லாம் புகையாகத் தெரிந்தது. அவன் முகமும்தான். ஒருவேளை அதனால்தான் கேட்டானோ என்னவோ.

"வண்டி புத்தகத்துல ஃபுல் சிந்தெடிக்னுதான் போட்டிருக்கு. இப்படியே ஓட்டினா டர்போ போயிரும் மாமா. வண்டி படுத்தா நான் படுத்த மாதிரி."

"அப்ப அதையே ஊத்தச் சொல்லு."

"மச்சான் பீப்பாயில அது கிடையாது. நான்தான் வாங்கிட்டுப் போகணும். அதக்கூட எப்படியாவது சொல்லிருவேன். ஆனா அத ஊத்தினா ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ வரவேண்டாம். அவ இருந்தப்ப நான் எப்ப வேணா வரலாம், யாரும் எதுக்கு வந்தேன்னு கேக்க மாட்டாங்க. இப்ப எனக்கு அந்த வீட்டுக்கு வர்றதுக்கு ஆயில் மட்டுந்தான் மாமா இருக்கு."

பின்னால் ஒருத்தன் ஹாரன் அடித்தான். பச்சை விழுந்திருந்தது போலிருக்கிறது.

அடுத்த ஆயில் நாளில் வந்தான். கையில் துண்டு சுற்றின ஒரு கேன். மெக்கானிக்கின் மனைவி கதவிலேயே பார்த்துவிட்டாள்.

"என்னண்ணா இது, புதுசா பாட்டில் பழக்கமெல்லாம்? அதுவும் நாலு லிட்டர்ல?"

"இல்லம்மா. இது வண்டி குடிக்கிறது."

மெக்கானிக் துண்டை விலக்கிப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"விருந்துக்கு வர்றவன் டிபன் கேரியரோட வந்திருக்க."

"புத்தகத்துல இதுதான் போட்டிருக்கு மச்சான்."

"புத்தகம் எழுதினவன் உன் வண்டிய பார்த்திருக்கானா?" மூடியைத் திறந்து ஒரு சொட்டை விரலில் விட்டுத் தேய்த்தான். "தண்ணி மாதிரி இருக்கு. எத்தன ஓடும்ங்கிறாங்க?"

"பத்தாயிரம்."

மெக்கானிக் விரலைத் துணியில் துடைத்தான். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான். "அப்ப இனிமே பாதி நாள் வரவேண்டியதில்ல. அலைச்சல் மிச்சம். நேரா சொல்லியிருக்கலாமே மாப்ள. இதுக்கு எதுக்கு ஒரு எண்ணெய சாக்கு வைக்கிற?"

நியூட்ரல் துண்டை மடித்துக்கொண்டே, "வண்டிக்கு நல்லது மச்சான்" என்று மட்டும் சொன்னான். அதைவிடப் பேசாமல் இருந்திருக்கலாம்.

மெக்கானிக் வண்டிக்கு அடியில் போனான். நட்டைக் கழற்றினான். எண்ணெய் கொட்டியது, நூலானது, சொட்ட ஆரம்பித்தது. அதோடு நட்டை எடுத்துத் திருகிவிட்டான். ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் அப்பா இறந்த அன்று ஒரு வண்டியை அவசரமாக முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அன்றைக்குக்கூட அவன் சொட்டு நிற்கக் காத்திருந்தவன்.

"சொட்டு நிக்கல மச்சான்."

"பரவாயில்ல. அதான் கசடெல்லாம் கழுவுற எண்ணெயாச்சே, கழுவிக்கும். பதினஞ்சு நிமிஷ வேலை. இதுக்கு நீ இங்க வரணும்னே இல்ல. ரோட்டுல எந்த ஷெட்டுலயும் ஊத்துவாங்க."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. நியூட்ரல் காருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை, அன்றைக்கும் உயரவில்லை. ஆனால் வார்த்தை நிறுத்தாமல் வந்தது.

"கழட்டுங்க. உங்க பீப்பாய் ஆயில் இந்த வண்டிக்கு ஆகாது மச்சான். ரெண்டு மாசமா ஆகல. காலையில சத்தம் போடுது. நான்தான் சொல்லல, சொன்னா தப்பா எடுத்துப்பீங்கன்னு. அது என் தப்பு. ஆனா அவசரமா மூடிட்டுப் போன்னா போகமாட்டேன். சொட்டு நிக்கிற வரைக்கும் இங்கதான் உட்கார்ந்திருப்பேன். பத்தாயிரம் ஆயிலுக்குத்தான் கணக்கு. எனக்கு இல்ல. நான் என் வீட்டுக்கு வர்றதுக்குக் கிலோமீட்டர் பார்க்கணுமா?"

மெக்கானிக் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. கால் இரண்டு மட்டும் தெரிந்தது. பிறகு ஸ்பானர் திரும்புகிற சத்தம் கேட்டது. டப்பாவில் சொட்டு விழ ஆரம்பித்தது.

"சத்தம் டிக் டிக்கா, டக் டக்கா?" என்று அடியிலிருந்து கேட்டான்.

"டிக் டிக்."

"தெரியும். சித்தப்பாவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக வந்தியே, அப்ப நீ வண்டிய எடுக்கும்போதே எனக்குக் கேட்டுச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

மெக்கானிக்கின் மனைவி வாசலில் வந்து நின்று, "ரெண்டு பேர் சொல்றதும் சரிதான், கை கழுவிட்டு வாங்க" என்றாள். நான்தான் முதலில் சிரித்தேன்.

இரண்டு மாதம் கழித்து நியூட்ரல் வந்தான். வண்டி இல்லாமல், பஸ்ஸில். காரை வெளியூர்ச் சவாரிக்கு இன்னொரு டிரைவரிடம் கொடுத்திருந்தானாம். மெக்கானிக் ஷெட்டிலிருந்து எட்டிப் பார்த்தான். "வண்டி எங்க?" என்றான்.

"வரல. நான் மட்டுந்தான்."

மெக்கானிக்குக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முப்பது வருஷத்தில் இந்த இரண்டு பேரும் நடுவில் ஒரு பானட் இல்லாமல் பேசினதே கிடையாது. நாற்காலியைத் துடைத்தான். அதில் அவனை உட்காரச் சொல்லவும் கூச்சமாக இருந்தது போலிருக்கிறது. கடைசியில் யாரோ விட்டுப்போன ஒரு பழைய வேனுக்கு அடியில் படுத்துக்கொண்டு, "சும்மா நிக்காம அந்த டார்ச்ச எடுத்துப் பிடி" என்றான்.

நியூட்ரல் மண்டி போட்டு டார்ச்சைப் பிடித்தான்.

"இந்தப் பக்கம் இல்ல. இன்னும் உள்ள." கொஞ்ச நேரம் ஸ்பானர் சத்தம். பிறகு உள்ளேயிருந்து, "அவளும் இப்படித்தான் மாப்ள, சின்ன வயசுல. ஒரு நாளும் டார்ச்ச நேரா பிடிச்சதில்ல" என்றான்.

"வீட்டுலயும் அப்படித்தான்" என்றான் நியூட்ரல். "கரண்டு போனா என் மூஞ்சில அடிப்பா."

அடியிலிருந்து சிரிப்பா இருமலா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. அன்றைக்கு அந்த வேனுக்கு ஆயில் மாற்றவே இல்லை. ஆனாலும் சாயங்காலம் வரைக்கும் இரண்டு பேரும் அதற்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை.