சித்தப்பாவின் மஞ்சள் புத்தகம்

என் சித்தப்பா ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் வேலை பார்த்தவர். திருச்சுழிப் பக்கத்துக் காடுகளில் அறுநூறு அடி, எழுநூறு அடி என்று பூமியைத் துளைத்துத் தண்ணீர் தேடியவர். நாள் முழுக்க இரும்புக் குழாய்களோடு மல்லுக்கட்டிவிட்டு, தலை முதல் கால் வரை பாறைப் பொடியோடு வீட்டுக்கு வருவார். அப்படிப்பட்டவர் ஓர் அங்குல ஊசிக்குப் பயப்படுவார் என்பது, நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை வரைக்கும் எனக்குத் தெரியாது. சித்திக்குத் தெரிந்திருக்கும். சித்திக்குத் தெரியாதது குறைவு.

சித்தி அவர்கள் ஊர் அங்கன்வாடியில் டீச்சர். தடுப்பூசி நாளில் பிள்ளைகளின் காலைப் பிடித்துக்கொள்வது அவள்தான். ஊரில் அவள் மடியில் உட்கார்ந்து அலறாத குழந்தை கிடையாது. அவர்களுக்கு அப்போது பிள்ளை இல்லை என்பதால், பாளையம்பட்டியில் மளிகைக் கடையைக் கட்டிக்கொண்டு அழுத அப்பாவும் அம்மாவும் விடுமுறை விட்டதும் என்னை அங்கே அனுப்பிவிடுவார்கள்.

அந்த வருஷம் போர் போடுகிற வேலை குறைந்துபோனது. முதலாளி வண்டியையே கப்பலில் ஏற்றி உகாண்டாவுக்கு அனுப்பிவிட்டார். கூடப் போகிறவர்களுக்கு இரண்டு வருஷம் வேலை. சித்தப்பா அங்கேயே சரி என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து சித்தியிடம் சொன்னார். உகாண்டா எங்கே இருக்கிறது என்று என் அட்லஸில் தேடிக் காட்டியது நான்தான். சித்தி அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அட்லஸை மூடிக் கொடுத்துவிட்டு, அந்த ஊரில் என்னென்ன காய்ச்சல் உண்டு என்று விசாரிக்கக் கிளம்பினாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாவிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து வீட்டில் உகாண்டா ஆரம்பமாகிவிட்டது. சித்தப்பா கொசுவலைக்குள்தான் தூங்க வேண்டும். மே மாத வெக்கையில், வேர்த்து வழிய, வலைக்குள் அவர் கிடப்பதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சாயங்காலமானால் முழுக்கைச் சட்டை. பல் விளக்குவதற்குக்கூடக் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர். நறுக்கி விற்கிற பழம் கூடாது. தெருநாய்க்கெல்லாம் பிஸ்கட் போடுகிற மனிதருக்கு, நாயைத் தொடக் கூடாது என்றும் உத்தரவு. எங்கள் தெரு நாய்கள் இரண்டு நாள் குழம்பிப்போய்த் திரிந்தன.

இதையெல்லாம் சித்தப்பா சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார். ஊசி என்று வந்தபோதுதான் சிரிப்பு நின்றது. மஞ்சள் காய்ச்சல் என்று ஒன்று உண்டாம். அதற்கான ஊசியைப் போட்டு, மஞ்சள் புத்தகத்தில் முத்திரை வாங்கினால்தான் அந்த நாட்டுக்குள் விடுவார்கள். அதையும் போய்ச் சேருவதற்குப் பத்து நாளைக்கு முன்பே போட வேண்டும். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் அந்த ஊசி கிடையாது. தூத்துக்குடிக்குத்தான் போக வேண்டும். சித்தப்பா இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தனியாகக் கிளம்பிப் போய், சாயங்காலம் மஞ்சள் புத்தகத்தோடும் இடது கையில் ஒட்டிய பிளாஸ்திரியோடும் திரும்பினார். வலி உயிர் போகிறது என்றார். நான் விசிறினேன்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு இட்லி சாப்பிட உட்கார்ந்தார். பிளாஸ்திரி வலது கையில் இருந்தது.

"சித்தப்பா, நேத்து அந்தக் கையிலதான இருந்துச்சு?" என்று கேட்டேன். நான் காட்டிக்கொடுக்க நினைக்கவில்லை. ஊசி இடம் மாறுமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

சித்தி சட்னிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவருடைய இடது கையை அழுத்திப் பார்த்தாள். வலது கையை அழுத்திப் பார்த்தாள். பிறகு பிளாஸ்திரியை ஒரே இழுப்பில் பிய்த்தாள். அதற்குத்தான் சித்தப்பா கத்தினார். கீழே ஒரு புள்ளிகூட இல்லை.

அருப்புக்கோட்டையில் ஓர் ஏஜென்ட் ஊசி இல்லாமலே புத்தகம் மட்டும் கொடுக்கிறாராம். முத்திரை இருந்தால் போதும், யாரும் கையைத் திறந்து பார்க்கப் போவதில்லை என்று அவர் சொன்னதாகச் சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

"கொசு என்ன, புக்க வாங்கிப் பாத்துட்டா கடிக்கப் போகுது?" என்றாள் சித்தி. புத்தகத்தை நாலாகக் கிழித்தாள். சித்தப்பா மீதி இட்லியைச் சத்தமில்லாமல் சாப்பிட்டு முடித்தார்.

விமானத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. தூத்துக்குடியில் வெள்ளிக்கிழமை மட்டும்தான் அந்த ஊசி என்பதே சித்தி விசாரித்த பிறகுதான் தெரிந்தது. அதை விட்டால் பத்து நாள் கணக்கு வராது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் மூன்று பேரும் பஸ் ஏறினோம். பந்தல்குடி தாண்டும்போதே சித்தப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. எட்டயபுரத்தில் இறங்கி டீ குடிக்கிறேன் என்றார். சித்தி அவரை ஜன்னல் பக்கம் தள்ளி உட்காரவைத்து, எழுந்திருக்க முடியாதபடி என்னை இந்தப் பக்கம் உட்காரவைத்தாள்.

தூத்துக்குடியில் ஊசி போடுகிற இடத்தில், கப்பல் வேலைக்குப் போகிற இளைஞர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மருந்துப் புட்டியைத் திறந்தால் அதில் பல பேருக்குப் போட வேண்டுமாம்; அதற்காக ஆள் சேரும்வரை காத்திருந்தோம். அழைக்கும் நேரம் வந்ததும் சித்தப்பா எழுந்து வராந்தாவின் கடைசிக்குப் போய் நின்றார். சித்தி பின்னாலேயே போனாள். நானும் போனேன்.

"இந்தாங்க," என்றாள் சித்தி. குரலில் கோபம் இல்லை. "போறதா இருந்தா இதப் போட்டுட்டுப் போங்க. போட மாட்டேன்னா சொல்லுங்க, இப்பவே ஊருக்குத் திரும்பிருவோம். மொதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன். கேக்குறவுகளுக்கும் நானே பதில் சொல்லிக்கிறேன்."

சித்தப்பா அவளைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடக்கிக்கொண்டே உள்ளே நடந்தார்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நர்ஸம்மா போட்டு முடித்து, பஞ்சை வைத்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். சித்தப்பா எழுந்திருக்கவில்லை.

"எப்பம்மா போடுவீக?" என்று கேட்டார், கண்ணைத் திறக்காமலே.

போட்டாயிற்று என்று சொன்னதும் கண்ணைத் திறந்தவர், பஞ்சில் பொட்டளவு சிவப்பைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற கப்பல்காரப் பையன் மேல் மெதுவாகச் சாய்ந்தார். அரை மணி நேரம் படுக்கவைத்திருந்து, புதிய மஞ்சள் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

பத்து நாள் கழித்து அவர் விமானம் ஏறினார். அந்த ஏஜென்டிடம் புத்தகம் வாங்கிய இன்னொருவரை இங்கே விமான நிலையத்திலேயே நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சித்தப்பா கொசுவலையும் மலேரியா மாத்திரையும் உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களுமாகப் போய்ச் சேர்ந்தார். ஆறு மாதம் கழித்து மாத்திரையை நாலு நாள் மறந்திருக்கிறார், காய்ச்சல் வந்துவிட்டது. சித்தி நோட்டில் எழுதிக் கொடுத்திருந்தபடி அன்றைக்கே ரத்தம் எடுத்துப் பார்த்தார். மலேரியா. ஒரு வாரத்தில் எழுந்துவிட்டார். எழுந்த பிறகுதான் போனில் சொன்னார், அதற்குத் தனியாக வாங்கிக்கட்டிக்கொண்டார். இரண்டு வருஷம் கழித்துக் கொழுகொழுவென்று திரும்பி வந்தவர் முதல் தும்மல் போட்டதுமே, சித்தி அவரைத் திருச்சுழிக்கு ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனாள். அது வெறும் சளிதான்.

ஆனால் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருவது, அந்த வெள்ளிக்கிழமை திரும்பி வந்த பஸ்தான். சித்தப்பா முன் சீட்டில் உட்கார்ந்து, தனக்குக் கொஞ்சம்கூட வலிக்கவில்லை என்று கண்டக்டர் வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். சித்தி எனக்கு ஒரு பாக்கெட் முந்திரி மக்ரூன் வாங்கிக் கொடுத்திருந்தாள். தான் ஒன்றுகூட எடுத்துக்கொள்ளவில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவள், வெளியே கருவேலங்காட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்குப் புரியவே இல்லை. நினைத்ததை முடித்துவிட்டாள், அவரும் ஊசி போட்டுக்கொண்டுவிட்டார். ஜெயித்தவள் ஏன் இப்படி வருகிறாள்? ஊருக்கே திரும்பிப் போகலாம் என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்ற ஏக்கத்தோடு அவள் அந்த வராந்தாவில் நின்றிருக்கக்கூடும் என்பதெல்லாம் யோசிக்கிற வயதில்லை எனக்கு. பிளாஸ்திரிக் கோபம் இன்னும் தீரவில்லை என்றே நினைத்தேன்.

"இனிமே சித்தப்பா பொய் சொல்ல மாட்டாக சித்தி," என்று அவள் காதருகே சொன்னேன்.

அவள் என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். சமாதானமாகிவிட்டாள் என்ற நிம்மதியில், மீதி மக்ரூனையும் நானே தின்று தீர்த்தேன்.