இரண்டு கோலனுக்கு நடுவே

நூலகத்தில் எல்லாரும் அவளை ‘கம்ப்யூட்டர் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாசிப்பறையின் பன்னிரண்டு கம்ப்யூட்டர்களும் கண் விழிக்கும்போதே தங்கள் நெட்வொர்க் முகவரியைத் தெரிந்துகொள்ள, கெர்னல் என்ற மைய நிரலுக்கான பூட் வரியை ஒன்பது வருஷத்துக்கு முன் எழுதியவள் அவள்.

மூன்று மாத மருத்துவ விடுப்பு முடிந்து வந்தால், பன்னிரண்டிலும் இன்டர்நெட் இல்லை. வரியைத் திறந்தாள். முகவரியை அடுத்து இரண்டு கோலன் புள்ளி ‘::’ இருக்க வேண்டும், ஒன்றுதான் இருந்தது.

"யாரு சார் இதுல கை வச்சது?"

"நான்தாம்மா," என்றார் மேலாளர் பெருமையாக. "நடுவுல ஒண்ணுமே இல்லையே, ரெண்டு எதுக்குன்னு ஒண்ண எடுத்துட்டேன்."

குரங்கு கையில் பூமாலை என்று நுனிநாக்கு வரை வந்ததை விழுங்கினாள். "அது சர்வரோட இடம் சார். காலியா இருந்தாலும் அது அதோட இடம்தான். நீங்க எடுத்ததால அடுத்து இருந்த கேட்வே நம்பர், அதான் வாசல் நம்பர், அங்க போய் உக்காந்துடுச்சு. வெளிய போற வழியே தெரியாம எல்லாம் முழிக்குது."

"சரி சரி, பழையபடி வச்சிடு."

பன்னிரண்டையும் நின்றபடியே திருத்தினாள். உட்கார ஏது இடம்? அவள் மேசை இருந்த மூலையில் ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ‘மூணு மாசம் காலியாத்தானேம்மா கெடந்துச்சு’ என்று காலையிலேயே சிரித்திருந்தார் மேலாளர்.

"எல்லாம் சரியாயிடுச்சா?"

"ஒண்ணு பாக்கி சார்" என்று போய், ஜெராக்ஸ் மெஷினின் ப்ளக்கைப் பிடுங்கினாள்.