பங்கு வாங்கலாமா என்று வாப்பா கேட்டார்

எம்.ஃபில். ஆய்வுக்கு நான் தலைப்புத் தேடிக்கொண்டிருந்த சமயம். எண்பதுகளின் தொடக்கம். குவைத் வேலையை விட்டுக் காரைக்காலுக்கே திரும்பிவிட்ட வாப்பா, ஒரு பங்கு விண்ணப்பத்தை என் முன்னால் வைத்தார். புதிதாக வரப்போகும் உரக் கம்பெனி.

"இது நமக்கு மார்க்கத்துல கூடுமாம்மா? பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கிட்ட கேட்டேன். வட்டி கலக்காட்டி கூடும்னாங்க. கலந்திருக்கான்னு அவுங்களுக்கு எப்படித் தெரியும்? காமர்ஸ் படிச்ச புள்ள, நீ பாத்துச் சொல்லு. இன்னும் மூணு வாரம் இருக்கு."

சொல்கிறேன் என்றேன். அதோடு என் நிம்மதி போயிற்று.

மறுநாளே திருச்சிக்கு பஸ் ஏறினேன். இதையே ஆய்வாக எடுக்கட்டுமா என்று வழிகாட்டிப் பேராசிரியரிடம் கேட்டேன்.

"வட்டியில்லா பேங்க்னா நெறையப் பேர் எழுதுறாங்க. பங்கைப் பத்தி யாரும்மா எழுதியிருக்கா? எதை மேற்கோள் காட்டுவ?" என்றார்.

நூலகத்தில் இரண்டு நாள் துழாவியும் ஒன்றும் அகப்படவில்லை. ஊர் திரும்பி, தபாலாபீசில் அரை நாள் காத்திருந்து ஜித்தாவுக்கு ட்ரங்க் கால் போட்டேன். எனக்கு மூத்தவளான லாத்தாவின் கணவருக்கு அங்கேதான் வேலை.

"மச்சான், அங்க யூனிவர்சிட்டில பங்கைப் பத்தி என்ன கெடச்சாலும் ஜெராக்ஸ் எடுத்து அனுப்புங்க. அவசரம்!"

"சத்தம் போடாத, நல்லாவே கேக்குது," என்றார்.

அதன்பின் கையில் எடுத்த எந்த வேலையும் முடியவில்லை. அரிசி களையப் போய்ப் பாதியில் எழுந்து வாசலுக்கு வருவேன். ஜித்தாவிலிருந்து லீவில் வந்த ஒருவர் மச்சான் அனுப்பிய ஜெராக்ஸ் கட்டைக் கொண்டுவந்து சேர்த்தபோது கடைசி நாளுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. நின்றபடியே பிரித்தேன். எல்லாம் பேங்க், பேங்க், பேங்க். பங்கைப் பற்றி இரண்டே கட்டுரைகள். தொழில் ஹலாலானால் பங்கும் ஹலால் என்றது ஒன்று. கம்பெனி வட்டிக்குக் கடன் வாங்கினால் பங்குதாரருக்கும் அதில் பொறுப்புண்டு என்றது மற்றொன்று. விண்ணப்பத்தோடு வந்த உரக் கம்பெனி அறிக்கையிலோ வங்கிக் கடன் இருந்தது.

வாப்பாவிடம் போனேன்.

"ரெண்டு பேரு ரெண்டு விதமா சொல்றாங்க வாப்பா."

"நீ என்ன சொல்ற?"

"தெரியல வாப்பா," என்றேன். கண் கலங்கிவிட்டது.

"தெரியலன்னு சொல்றதுக்கு ஏம்மா அழுவுற? சந்தேகம்னா வேணாம், அவ்வளவுதான்," என்று விண்ணப்பத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டார்.

அவருக்கு அதோடு முடிந்தது. எனக்கு முடியவில்லை. அந்த இரண்டு கட்டுரைகளோடு மறுபடி திருச்சிக்குப் போனேன். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் என் ஆய்வு என்றேன். பேராசிரியர் வெகுநேரம் புரட்டிப் பார்த்துவிட்டு அரை மனதோடு கையெழுத்திட்டார். பட்டம் கிடைத்தது. ஆனால் முடிவுரையில் பதிலைவிடக் கேள்விகளே அதிகம்.

வருஷங்கள் போகப் போக இந்தத் துறையே பெரிதாயிற்று. கூடுமா என்பதைத் தாண்டி, கம்பெனிக்குக் கடன் எவ்வளவு வரை இருந்தால் பொறுக்கலாம் என்று எழுதினார்கள். பிறகு, இப்படி வடிகட்டி வாங்கினால் லாபம் குறையுமா என்று கணக்குப் போட்டார்கள். ஒவ்வொன்றையும் அவசர அவசரமாகப் படிப்பேன். அவர்கள் வகுத்த அளவுக்குள் அந்த உரக் கம்பெனி அடங்கியிருக்குமா என்று பார்க்க வழியில்லை. அந்த அறிக்கை இப்போது கையில் இல்லை; கம்பெனியையும் எப்போதோ மூடிவிட்டார்கள்.