அயலிடம் வேலாயுதம்

வேலாயுதம் மாஸ்டர் விசிலை நீளமாக ஒரு ஊது ஊதிவிட்டு, பாலகிருஷ்ணனைப் பார்த்து விரலை நீட்டினார்.

"இப்ப என்னடா சொன்னே?"

"கார்னர் சார்."

"ஓடு."

ஃபேரர் பார்க் திடலை ஒரு சுற்று ஓடி வர வேண்டும். மாஸ்டர் வகுப்பில் ஆங்கிலச் சொல் வாயிலிருந்து நழுவினால் அதுதான் தண்டனை. கார்னர் கூடாது, மூலை உதை. த்ரோ கூடாது, உள்ளெறி. அதெல்லாம்கூட ஒரு சுற்றோடு போய்விடும். ஆஃப்சைடு என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது, அன்று முழுக்க ஓட்டம்தான். அதற்கு அவர் வைத்த பெயர் அயலிடம். மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டு தாமே கண்டுபிடித்த சொல் என்பதால் பெற்ற பிள்ளையைவிட அதன்மேல் பாசம் அதிகம். பையன்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைத்திருக்கும் பெயரும் அதுதான்.

விசிலுக்கு மட்டும் ஒன்றும் சரியாக வாய்க்கவில்லை. சீழ்க்கை என்று வைத்துப் பார்த்தார். "சீழ்க்கைய எடுத்துட்டு வாடா" என்றதும் ஒருவன் பதறிப்போய் முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதோடு விசில் விசிலாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

ஆளைப் பார்த்தால் ஓட்டத்துக்கும் அவருக்கும் பல வருஷப் பகை என்பது தெரியும். வெள்ளைக் கால்சட்டை தொப்பைக்கு மேலே ஏறி நெஞ்சில் நிற்கும். கான்வாஸ் ஷூவுக்குக் காலையில் வெள்ளை பூசாமல் பசியாற மாட்டார். நாடாவை இரட்டை முடிச்சாகப் போடுவார். வகுப்பில் முதல் பாடமே முடிச்சுதான். "நாடா அவுந்தா நடுவரோட மானம் அவுந்த மாதிரி" என்பார். அவர் நாடா அவிழ்ந்து இதுவரை யாரும் பார்த்ததில்லை.

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுப் பக்கத்துத் தமிழ் உயர்நிலைப் பள்ளி ஒன்றில்தான் இந்தத் திருப்பணி நடக்கிறது. படிப்பு ஏறாத பிள்ளைகளுக்குக் கைத்தொழிலாவது இருக்கட்டும் என்று மரவேலையும் மின்சார வேலையும் சொல்லித் தருகிறார்கள். அதோடு விளையாட்டு நடத்தும் வேலையையும் பாடமாகச் சேர்த்திருக்கிறார்கள். ஊரெங்கும் சமூக நிலையங்கள் திறக்கிறார்கள் அல்லவா, கோடு போட, வலை கட்ட, நடுவராக நிற்க ஆள் வேண்டுமே. நல்ல யோசனைதான். அதை மாஸ்டர் கையில் கொடுத்ததுதான் வினை.

மலாய் பாடம் நடத்தும் அப்துல் கையூம் ஒருநாள் சொல்லிப் பார்த்தார். "மாஸ்டர், அங்க சீனப் பிள்ளைங்க இருக்கும், மலாய்க்காரப் பிள்ளைங்க இருக்கும். நம்ம பையன் போய் அயலிடம்னா எவனுக்கு விளங்கும்?"

"விளங்கலேன்னா கத்துக்கட்டும் லா."

பேச்சு அத்தோடு முடிந்தது. ஆனால் ஜாலான் புசார் அரங்கில் சிங்கப்பூர் ஆடும் நாளில் இதே மாஸ்டரைப் பார்க்க வேண்டுமே. கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலமும் கையுமாக உட்கார்ந்து, தொண்டை கிழியக் கத்துவார்: "ஆஃப்சைட் லா, ரெஃப்ரீ காயூ." காயூ என்றால் மலாயில் மரக்கட்டை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கையூம் ஒருமுறை, "அயலிடம் எங்க போச்சு மாஸ்டர்?" என்று காதில் கேட்டார். வாய் கூசாமல் பதில் வந்தது. "அது வகுப்புக்கு. இது சனங்க பாஷை."

எல்லாம் அந்தப் பொன்னாடை செய்த வேலை. போன வருஷம் தமிழ் விழாவில் 'விளையாட்டுத் தமிழ் வித்தகர்' என்று பட்டம் கொடுத்து, பள்ளி நிர்வாகத் தலைவர் தம் கையால் போர்த்திவிட்டார். அன்றிலிருந்து மாஸ்டருக்குக் கால் தரையில் பாவவில்லை.

இப்படியிருக்கையில் போன மாதம் சமூக நிலையத்திலிருந்து ஒரு சீன அதிகாரி ஆள் எடுக்க வந்தார். எடுக்கப் போவது ஒரே ஒருவரை. பாலகிருஷ்ணனுக்குத்தான் என்று பள்ளியே பேசிக்கொண்டது. தண்டனைச் சுற்று ஓடி ஓடியே அவன் நல்ல நடுவராகியிருந்தான். பந்தைவிட்டுக் கண் நகராது. இந்த வேலை தவறினால் அப்பாவோடு கப்பல்துறையில் மூட்டை தூக்க வேண்டியதுதான். அது மாஸ்டருக்கும் தெரியும்.

திடலோரத்தில் நாற்காலி போட்டு நிர்வாகத் தலைவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாஸ்டர், பளிச்சென்ற ஷூவோடு. ஆட்டம் தொடங்கியது. பாலகிருஷ்ணன் பிரமாதமாக நடத்தினான். முன்னால் போய் நின்றுகொண்டு பந்து வாங்கிய பையனைச் சட்டென்று பிடித்து, விசில் ஊதிக் கையைத் தூக்கினான். அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே, எதற்கு ஊதினாய் என்று மலாயில் கேட்டார்.

"அயலிடம்" என்றான் பையன், கணீரென்று.

"ஆயாம் ஈத்தாமா?"

ஆயாம் ஈத்தாம் என்றால் கறுப்புக் கோழி. அதிகாரி திடலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். கோல் கம்பத்துக்குப் பின்னாலும் போய்ப் பார்த்தார். கோழியைக் காணோம். நின்றிருந்த மலாய்ப் பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கையூம் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதிகாரி நல்ல மனிதர். தானும் சிரித்துவிட்டுத் திரும்பி வந்தார். "பரவாயில்ல, இங்கிலீஷ்ல சொல்லு, மலாய்ல சொல்லு, எனக்கு விளங்குற மாதிரி சொல்லு. ஆட வர்ற பிள்ளைங்களுக்கு விளங்கணும் இல்ல" என்று மலாயிலேயே பொறுமையாகச் சொன்னார்.

ஒரு சொல்தான். ஜாலான் புசாரில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த சொல். பாலகிருஷ்ணனுக்கு அது நாக்கு நுனியில் இருந்தது. ஆனாலும் பழக்கதோஷம், அவன் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தான். சொல்லட்டுமா என்று கண்ணாலேயே கேட்டான். மாஸ்டர் தலையை லேசாக ஒரு அசைப்பு அசைத்திருந்தால் போதும்.

"நம்ம சொல்லுக்கு என்ன குறைச்சல், வேலாயுதம்?" என்றார் நிர்வாகத் தலைவர், நாற்காலியில் சாய்ந்தபடி.

பையன் இன்னும் மாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். அதிகாரியும் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

வேலாயுதம் மாஸ்டர் மெல்லக் குனிந்தார். தொப்பை இடிக்க, மூச்சு வாங்க, அவிழாத ஷூ நாடாவை அவிழ்த்து, மறுபடி முடிச்சுப் போட ஆரம்பித்தார். அதிகாரி அடுத்த பையனின் பெயரைக் கூப்பிடும்வரை அவர் நிமிரவில்லை.