பூசணிப் பிஞ்சை நோக்கி நீட்டிய விரல்

எங்கள் தீவில், செயின்ட் எலிசபெத் மாவட்டத்தின் செம்மண்ணில் என்னைப் போல் விவசாயி இன்னொருவன் இல்லை. இதை ஊர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததால் நானே சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கரும்பு வெட்டினேன், வெங்காயம் போட்டேன், மாடி வீடு கட்டினேன், தலைநகர் கிங்ஸ்டன் சந்தைக்குச் சொந்த லாரியில் போனேன். அப்பேர்ப்பட்ட இந்த வில்மட் ஈபாங்க்ஸை, பள்ளித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளத் தலைமையாசிரியை மிஸஸ் டன்க்லி கூப்பிட்டார். சம்பளம் கிடையாது. ஆனால் பிள்ளைகள் என்னை "சார்" என்றார்கள். மாடி வீடும் லாரியும் சேர்ந்தாலும் அந்தச் சொல்லுக்கு ஈடாகாது. இதை வீட்டில் சொல்லவில்லை, சிரிப்பார்கள்.

மிஸஸ் டன்க்லி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"விளையாட்டு விழா சூப்புக்குப் பூசணி நம்ம தோட்டத்துலேர்ந்து வரணும், மிஸ்டர் ஈபாங்க்ஸ். இல்லேன்னா அந்த இடத்தைக் கார் நிறுத்த விட்டுடுவேன்."

"ஒரு சட்டி சூப்பா மேடம்? ஊருக்கே ஊத்தலாம்!"

பூசணிப் பிஞ்சை நோக்கி விரல் நீட்டினால் அது உதிர்ந்துவிடும். எங்கள் பக்கத்தில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இது தெரியும். அது உதிராமலிருக்க, நீட்டியவன் பத்து விரலையும் கடித்துக்கொள்ள வேண்டும். என் தோட்டத்தில் அது போதாது, அதற்குப் பிறகு கை பாக்கெட்டிலேயே இருக்க வேண்டும் என்று நான் சட்டம் போட்டேன். பிள்ளைகள் மோவாயால் காட்டினார்கள், முழங்கையால் காட்டினார்கள். வகுப்பில் கிங்ஸ்டன் எங்கே என்று கேட்டபோதும் வரைபடத்தில் முழங்கையை வைத்தார்களாம். பாதித் தீவு மறைந்துபோனதாம்.

எரு போட்டு, கினிப்புல்லை வெட்டி மண்ணை மூடினோம். கொடி ஓடியது, பூத்தது. தேனீக்கள் மொய்த்தன, ஒன்று ஒரு பிள்ளையின் காதில் கொட்டிவிட்டது. என் தோட்டத்தில் என் பிள்ளையைக் கொட்டுவதா? தினமும் விடிந்ததும் தேங்காய் மட்டையைக் கொளுத்திப் புகை போட்டேன். தேனீ ஒன்றுகூட மிஞ்சவில்லை. கொஞ்ச நாளில் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கின.

விழா நெருங்கிக்கொண்டிருந்தது. தோட்டம் போனால் "சார்" பட்டமும் போய்விடும். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினேன்.

"எவன் விரல் நீட்டினது? மரியாதையா ஒத்துக்குங்க!"

கெடூரா என்ற சிறுமி மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

"கோபப்படக் கூடாது சார்."

"சொல்லு."

"நீங்கதான் சார்."

"நானா?"

"தினமும் வந்ததும், 'அதோ அது சூப்புக்கு, இது பரிசுக்கு, அது என் பொண்டாட்டி வாயை அடைக்க'ன்னு ஒவ்வொண்ணா காட்டுவீங்களே. நாங்க கண்ணை மூடிக்குவோம்."

"பொய்! எப்ப காட்டினேன்?" என்று கத்தினேன். பிள்ளைகள் எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என் விரல் அவளுக்குப் பின்னாலிருந்த பிஞ்சை நோக்கி நீண்டிருந்தது.

பத்து விரலையும் கடித்தேன். ஐந்தாவதில் பல்செட் கழன்றது. மாட்டிக்கொண்டு மிச்சத்தையும் முடித்தேன். அன்று முதல் தோட்டத்தில் என் கை பாக்கெட்டில்தான். வேலையெல்லாம் பிள்ளைகள் செய்தார்கள். நான் கத்த மட்டும் செய்தேன். பாக்கெட்டுக்குள் தீக்குச்சி உரச முடியாதே, புகையும் நின்றது.

பிஞ்சு பிடித்தது. ஊரெல்லாம் பெருமை அடித்தேன். கண் திருஷ்டியில்லை, மந்திரமில்லை, வெறும் விரலாலேயே ஒரு தோட்டத்தை உதிர்க்கிற ஆம்பளை இந்தப் பக்கத்தில் வேறு எவன்?

விழா அன்று அடுப்பில் அண்டா கொதித்தது. எங்கள் பூசணியை அரிந்துகொண்டே, சமையல்கார மிஸ் அயோனி எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தாள்.

"யோவ் வில்மட், விரலாவது மண்ணாவது! உன் புகையில தேனீயெல்லாம் ஓடி வந்து என் சர்க்கரை டப்பாவுல குந்திக்கிச்சு. தேனீ இல்லேன்னா பிஞ்சு எப்படி நிக்கும், பூவுக்குப் பூ நீ பறந்து போவியா? சொல்ல வந்தா, 'எனக்கே பாடமா'ன்னே!"

மைதானமே சிரித்தது.

"அப்ப என் விரல் மேல குத்தமில்லே!" என்று கைகளை வெளியே எடுத்தேன்.

"எதுக்கும் உள்ளேயே இருக்கட்டும் சார்" என்றாள் கெடூரா.

உள்ளே போட்டுக்கொண்டேன். சார் என்றாளே, அது போதும்.

மிஸஸ் டன்க்லி இரண்டாவது கிண்ணமும் வாங்கிக் குடித்தார். "காரெல்லாம் ரோட்டோரமே நிக்கட்டும். அடுத்த தடவை எதுவரைக்கும் பூசணி நடப்போறீங்க, மிஸ்டர் ஈபாங்க்ஸ்?"

முழங்கையால் காட்டினேன். கொஞ்சம் தாராளமாகவே காட்டிவிட்டேன் போலிருக்கிறது. அவருடைய கார் நின்ற இடமும் அதில் சேர்ந்துவிட்டது.