நடுவட்டத்துக்கு ஒரு நெட்டையன்

அஜக்ஸ் அவுஸ்திரேலியக் கால்பந்துக் கழகம் என்ற மாபெரும் ஸ்தாபனத்தின் வீரர் தெரிவாளராக சூசைதாசன் எப்படி வந்தார் என்று கேட்டால், அவர் தன் இரண்டு கண்களையும் விரலால் காட்டுவார். வேறு தகைமை எதுவும் அவர் கோரியதில்லை.

கண் இருந்தது உண்மை. கனடாவில், ஸ்காபரோவில் கதவு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவர் வருடக்கணக்காகக் கதவுகளைப் பார்த்துக்கொண்டு நின்றவர். செய்தவரல்லர், பார்த்தவர். பட்டியில் நகர்ந்து வரும் கதவை மேலும் கீழும் ஒருமுறை பார்ப்பார். "கோணல்" என்பார். கதவு வந்த வழியே திரும்பிப் போகும். மேன்முறையீடு கிடையாது. போன வருடம் நிர்வாகம் அவருடைய தலைக்கு மேலே ஒரு கமராவைப் பூட்டியது. அது தேத்தண்ணிக்குப் போகவில்லை, மூட்டு நோவென்று முறையிடவில்லை. சூசைதாசனைப் பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள்.

நல்லது கெட்டது தீர்மானிக்கும் அதிகாரத்தை இழந்த மனிதன் வீட்டில் என்ன செய்வான்? தோசையின் வட்டத்தைப் பரிசோதித்தார். பக்கத்து வீட்டுக்காரன் புல் வெட்டிய கோட்டில் வளைவு கண்டார். மனைவியின் சேலைக் கொய்யக மடிப்பில் கை வைத்த அன்று மனைவி மகளைக் கூப்பிட்டாள்.

"நடாஷா, உந்த மனுசனை உன்ரை பந்தடியிலை சேர். இல்லாட்டி நான் வந்து சேருவன்."

நடாஷா மெல்பேர்ணுக்குப் படிக்கப் போய், பட்டத்தோடும் முழங்கால் நிறையக் காயத்தோடும் திரும்பி வந்தவள். கூடவே முட்டை வடிவத்தில் ஒரு பந்தும் வந்தது. வந்த சூட்டோடு தன் ஊரான அஜக்ஸில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் கழகம் தொடங்கி, பயிற்றுநரும் ஆட்டக்காரியும் ஆனாள். விளையாட்டை அவள் விளக்கிய முதல் நாளே சூசைதாசனுக்குப் பிடித்துப்போயிற்று. பந்தைக் காலால் உதைக்கலாம், கைமுட்டியால் குத்தலாம், எறிய மட்டும் கூடாது. பந்து வைத்திருப்பவனைக் கட்டிப்பிடித்து விழுத்தலாம். உயரத்தில் வரும் பந்தைப் பிடிக்க முன்னால் நிற்பவனுடைய முதுகிலே ஏறலாம். நடுவர் கோபிக்க மாட்டார், சனம் கைதட்டும்.

"விளங்குது பிள்ளை," என்றார் சூசைதாசன். "எங்கட ஊர்ச்சங்கப் பொதுக்கூட்டம் மாதிரி."

அப்படித்தான் அவர் தெரிவாளரானார். முதல் வருடத் தெரிவுகளைப் பற்றி அதிகம் பேசாமல் விடுவது மரியாதை. ஒருவனைத் தோள் அகலத்துக்காக எடுத்தார். தோள் மைதானத்துக்கு வந்தது, ஆள் பின்னால் மெதுவாக வந்தான். இன்னொருவன் பூசைக்குப் பிந்தி ஓடி வந்த வேகத்தைக் கண்டு எடுக்கப்பட்டவன். விளையாட்டுக்கும் அவன் பிந்தியே வந்தான். அணி எல்லா ஆட்டத்திலும் தோற்றது.

இந்தப் பங்குனியில் கழகச் செயலாளர் மிதுனன் கூட்டத்தில் எழும்பினான். நல்ல பெடியன். கைபேசியோடு பிறந்தவன்.

"அங்கிள், குறை நினைக்காதேங்கோ. போனிலை ஒரு அப் இருக்கு. பெடியள் ஓடுறதை வீடியோ எடுத்துப் போட்டா, அதுவே ஆளுக்கு மார்க்ஸ் போடும்."

"தலைக்கு மேலை பூட்டுறதோ?" என்று கேட்டார் சூசைதாசன்.

"இல்லை அங்கிள், கையிலை பிடிக்கிறது."

பயிற்றுநர் தீர்ப்புச் சொன்னாள். மகள் என்ற சலுகை அதில் இருக்கவில்லை. சீசன் தொடங்குமுன் மிசிசாகாவுடன் ஒரு பயிற்சி ஆட்டம் இருக்கிறது. அதற்குள் அப்பா ஒரு நெட்டையனைக் கொண்டுவர வேண்டும். ஆட்டம் தொடங்கும்போது நடுவர் மைதானத்தின் நடுவட்டத்தில் பந்தை நிலத்தில் அடித்து மேலே எழுப்புவார். இரு பக்கத்திலும் ஒவ்வொரு நெட்டையன் பாய்ந்து அதைத் தன் ஆளுக்குத் தட்டிவிட வேண்டும். போன வருடம் அஜக்ஸ் பந்தைத் தொடவேயில்லை, அண்ணாந்து பார்த்தது. நெட்டையன் வந்தால் அப்பாவே தெரிவாளர். வராவிட்டால் தெரிவு மிதுனனின் கைபேசிக்கு, அப்பாவுக்கு இடைவேளையில் வீரர்கள் உறிஞ்சத் தோடம்பழம் வெட்டும் பொறுப்பு.

தோடம்பழம்! சூசைதாசன் அன்று இரவுச் சாப்பாட்டில் ஒரு குறையும் சொல்லவில்லை. மனைவி பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இரண்டு ஞாயிறு கழித்து, தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து எல்லாரும் மண்டபத்தில் றோல்சும் கோப்பியுமாக நின்றபோது, அது நடந்தது. குசினிக் கதவால் ஒரு பெடியன் வெளியே வந்தான். வரும்போது தலையைக் குனிந்தான்.

மற்றவர்கள் ஒரு பெடியனைக் கண்டார்கள். சூசைதாசன் கதவைக் கண்டார். கனடாவில் சாதாரணக் கதவின் உயரம் ஆறடி எட்டு அங்குலம். அதைக் கனவிலும் அளப்பவர் அவர். அந்தக் கதவுக்குக் குனிகிறவன் சாதாரணன் அல்லன். போதாததற்கு அவன் இரண்டு கையிலும் கோப்பித் தட்டங்களோடு, ஓடித்திரிந்த சிறுவர்களுக்கு நடுவால் ஒரு துளி சிந்தாமல் வளைந்து வந்தான். சூசைதாசனின் கையிலிருந்த றோல்ஸ் பாதியில் நின்றது.

இனி விசாரணை. இங்கேதான் அவர் மகா தந்திரசாலியாக நடந்துகொண்டார். பந்து என்ற சொல்லை வாயில் எடுத்தால் மிசிசாகாவுக்குக் காது முளைத்துவிடும். அங்கே தெரிவாளராக இருக்கும் றிச்சர்ட் பொல்லாத ஆள், நெட்டையன் என்றால் விமானநிலையத்திலேயே மறித்துப் பிடிப்பவன். ஆகவே விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், பங்குக் கோயிலில் எல்லாக் குடும்பத்துக்கும் வீடு விற்றுக்கொடுத்த அகஸ்ரினை ஒரு மூலைக்குக் கொண்டுபோனார்.

"உந்த உயரமான பெடியன் ஆற்றை மோன்?"

"ஜஸ்ரினோ? செலீன் அக்கான்ரை மூத்தவன். ஸ்ரௌவ்வில்லிலை இருக்கினம். வீடு நான்தான் எடுத்துக் குடுத்தனான்."

"வயசு?"

"இருவத்தேழு."

"குடி, சிகரெட்?"

"தேத்தண்ணிக்கே சீனி போடான்."

"முழங்காலிலை ஏதும் ஒப்பரேசன்?"

அகஸ்ரின் ஒரு கணம் யோசித்தான். பிறகு அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. "அண்ணை வலு ஆழமாத்தான் விசாரிக்கிறார்," என்றான். "ஒண்டும் இல்லை. தங்கமான பெடியன்."

"ஒருத்தருக்கும் சொல்லாதை. வாற சனிக்கிழமை பின்னேரம் அஜக்ஸிலை, எங்கட மைதானத்துக்கு அவனை ஒருக்கா வரச்சொல்லு. நடாஷாவும் நிப்பாள். பாக்கட்டும்."

அகஸ்ரின் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. செலீனுக்கு மட்டும் சொன்னான்.

சனிக்கிழமை. பனி உருகி மைதானம் களியாகக் கிடந்தது. ஏரியிலிருந்து வந்த காற்று காதைப் பிடித்து முறுக்கியது. மிசிசாகா அணி வந்து சேர்ந்து, அதன் தெரிவாளர் றிச்சர்ட் கோட்டோரத்தில் பைனாகுலரோடு நின்றான். மிதுனன் கைபேசியைத் தயாராக வைத்திருந்தான். ஓரமாக ஒரு மேசையில், தீர்ப்புக்குக் காத்திருப்பதுபோல், ஒரு பை தோடம்பழமும் கத்தியும் இருந்தன.

ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. ஜஸ்ரின் இறங்கினான், பகுதி பகுதியாக. நீலக் கோட் சூட், கழுத்துப்பட்டி, பளபளக்கும் சப்பாத்து. மறுபக்கத்தால் செலீன் இறங்கினாள்: காஞ்சிபுரம் சேலை, அதற்கு மேலே பனி ஜக்கெற், கீழே பனிச் சப்பாத்து, கையில் றிபன் கட்டிய பெரிய கேக் பெட்டி.

சூசைதாசன் பெட்டியைப் பார்த்தார். சேலையைப் பார்த்தார். அகஸ்ரினின் முகத்தில் அன்று பரவிய வெளிச்சம் என்ன வெளிச்சம் என்பது அவருக்கு அப்போது விளங்கியது. 

"வணக்கம் அண்ணை," என்றாள் செலீன். "பொம்பிளை எங்கை?"

பொம்பிளை அப்போது மைதான நடுவில் அரைக் காற்சட்டையோடு நின்று, எவனோ ஒருவனை "தூங்கிறியோ மச்சான், எழும்படா!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

சூசைதாசன் வாயைத் திறந்தார். அதற்குள் ஜஸ்ரின் குனிந்து அவர் காதுக்கு வந்தான்.

"அங்கிள், எனக்குத் தெரியும் இது ஃபுட்டிப் பந்தடிக்கெண்டு. உங்கட கிளப் பேஜிலை பாத்தனான். அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. சின்னனிலை ஹொக்கி விளையாடி ஒரு பல்லுப் போன பிறகு, அவ என்னைக் கரம் போட் விளையாடவும் விடுறேல்லை. பிளீஸ் அங்கிள், ஒரே ஒரு கேம்."

ஒரு பக்கம் உண்மை, மறுபக்கம் ஆறடி ஏழு அங்குலம். சூசைதாசன் நல்ல கத்தோலிக்கர்தான். என்றாலும் பாவசங்கீர்த்தனம் ஞாயிற்றுக்கிழமைதானே. "தம்பி, கோட்டைக் கழட்டு," என்றார். மேசையடியில் கிடந்த கழகச் சப்பாத்துகளில் அவன் காலுக்கு அளவான பெரிய ஒரு சோடியை எடுத்துக் கொடுத்தார்.

"என்னண்ணை செய்யிறியள்?" என்றாள் செலீன்.

"ஒரு சின்னப் பரிசோதனை, தங்கச்சி."

செலீன் யோசித்தாள். சாதகம் பார்ப்பார்கள், ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பார்கள், இப்போது சிலர் இரத்தப் பரிசோதனையும் கேட்கிறார்களாம். ஓடவிட்டுப் பார்ப்பது புதிது. ஆனால் ஒளிக்கிற குடும்பத்தைவிட இது மேல். "என்ரை பிள்ளையிலை ஒரு குறையும் இல்லை," என்றாள். "நல்லாப் பாருங்கோ."

நடுவர் பந்தை நிலத்தில் அடித்தார். பந்து எழும்பியது. மிசிசாகாவின் நெட்டையன் பாய்ந்தான். அவனுக்கு மேலே, கழுத்துப்பட்டி காற்றில் பறக்க, ஜஸ்ரின் பாய்ந்தான். பந்தைப் பழம் பிடுங்குவதுபோல் தொட்டு நடாஷாவின் கையில் விழுத்தினான். அஜக்ஸ் அணி வரலாற்றில் முதல்முறையாகப் பந்தோடு என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்தது. நடாஷா திகைக்கவில்லை, ஓடினாள், உதைத்தாள், பந்து நடுக்கம்பங்களுக்கு இடையால் போய்க் கோலானது.

"பொம்பிளையும் ஓடுறாவே!" செலீன் சந்தோஷப்பட்டாள். "அது நியாயம். ரெண்டு பக்கமும் பாக்கத்தானே வேணும்."

மிதுனன் கைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தான். "அங்கிள், உவர் பிறேமுக்குள்ளை வாறாரில்லை. தலை வெட்டுப்படுது. அப் மார்க்ஸ் தருகுதில்லை."

"தள்ளி நிண்டு பிடி தம்பி," என்றார் சூசைதாசன், பெருந்தன்மையோடு.

ஆட்டத்தின் நடுவில் மிசிசாகாக்காரர் மூவர் சேர்ந்து ஜஸ்ரினை விழுத்தினார்கள். சூட் காற்சட்டை பின்பக்கம் கிழிந்த சத்தம் கோட்டோரம் வரை கேட்டது. செலீன் ஜக்கெற் பறக்க மைதானத்துக்குள் இறங்கினாள். நடுவர் விசில் ஊதினார். அவள் அதற்கு நிற்கிற ஆளல்ல. களிக்குள்ளிருந்து ஜஸ்ரின் எழும்பினான். முகம் முழுக்கச் சேறு, அதன் நடுவில் எல்லாப் பல்லும் தெரிய ஒரு சிரிப்பு. செலீன் பல்லை எண்ணினாள். சரியாக இருந்தது. பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். வீட்டில் அவள் கண்டதில்லை இப்படி ஒன்றை. திரும்பி வந்து கோட்டோரத்தில் நின்றாள்.

அஜக்ஸ் வென்றது. வென்றால் என்ன செய்வது என்று தெரியாமல் ஒருவரையொருவர் கைகுலுக்கிக்கொண்டார்கள். செலீன் தோடம்பழப் பையை ஒருபக்கம் தள்ளிவிட்டு மேசையில் கேக் பெட்டியைத் திறந்தாள். கத்தியை எடுத்தாள். நடாஷாவின் சேற்றுக் கையையும் ஜஸ்ரினின் சேற்றுக் கையையும் பிடித்து, கத்தியில் ஒன்றாக வைக்கப் போனாள்.

"அப்பா," என்றாள் நடாஷா மெதுவாக. "வட் இஸ் ஹப்பெனிங்?"

சூசைதாசனின் கண் கேக்கில் நின்றது. கோணலில்லாத கேக். உண்மையைச் சொன்னால் நெட்டையன் போவான். நெட்டையன் போனால் பதவி போகும். பக்கத்தில் தோடம்பழம் உருண்டுகொண்டிருந்தது. ஆனால் கதவில் கோணலைக் கண்டுவிட்டு ஒருநாளும் அவர் பேசாமல் இருந்ததில்லை.

"தங்கச்சி, கத்தியை வையுங்கோ. பிழை என்னிலை. நான் மாப்பிள்ளை பாக்கேல்லை. நான்... நான் நெட்டையன் பாத்தனான். பந்தடிக்கு."

 செலீனின் முகம் கேக் பெட்டியின் சிவப்பு றிபன் நிறத்துக்கு வந்தது.

"முழங்கால் கேட்டியளே!"

"பாயிறதுக்கு."

"குடி, சிகரெட் கேட்டியளே!"

"மூச்சு வாங்கக் கூடாதெண்டு."

"நான் சேலை உடுத்துக்கொண்டு வந்தன், சூசையண்ணை. இந்தக் குளிருக்கை. ஜஸ்ரின், வானிலை ஏறு!"

அந்த நேரத்தில் றிச்சர்ட் வந்து சேர்ந்தான், பைனாகுலரைக் கழுத்தில் தொங்கவிட்டபடி. "அக்கா, உங்கட மகனோ? நான் மிசிசாகா. சுத்தி வளைக்காமல் கேக்கிறன், பெடியனை எங்களுக்குத் தாங்கோ."

செலீன் நின்றாள். ஒரு மகனைப் பெற்ற எந்தத் தாயும் ஜென்மத்தில் ஒருநாளாவது கேட்க விரும்புகிற வசனம் அது. இப்போது இரண்டு இடத்தில் கேட்கிறார்கள்! அவள் ஜக்கெற்றைச் சரிசெய்தாள். சேலைத் தலைப்பை வெளியே எடுத்து விட்டாள். குரல் மாறியது.

"அவசரப்படாதேங்கோ தம்பி. அஜக்ஸ்காரர்தான் முதல் கேட்டவை." சூசைதாசன் பக்கம் திரும்பினாள். "உங்கட பக்கத்தாலை என்ன செய்வியள்?"

சூசைதாசனுக்கு உயிர் வந்தது. "என்ன வேணுமெண்டு சொல்லுங்கோ, தங்கச்சி."

"ஸ்ரௌவ்வில்லிலையிருந்து கூட்டிக்கொண்டு வந்து, கூட்டிக்கொண்டு போய் விடவேணும். பனியெண்டாலும்."

"நானே விடுறன்."

"பல்லுடையாமல் வாயிலை போடுற அந்த றப்பர். நல்லது. மலிஞ்சது வேண்டாம்."

"ரெண்டு எடுத்துத் தாறன்."

"கிழிஞ்ச காற்சட்டையை நீங்கள் தைப்பிச்சுத் தரவேணும். சேத்து உடுப்பு என்ரை வோஷிங் மெஷினுக்குள்ளை வரக்கூடாது."

"எங்கட வீட்டிலை தோய்க்கிறம்," என்றார் சூசைதாசன், மனைவியைக் கலந்தாலோசிக்காத வீரத்தோடு.

றிச்சர்ட் வாய் திறக்கப் பார்த்தான். "நாங்கள் இப்ப கதைச்சுக்கொண்டிருக்கிறம்," என்று செலீன் அவன் வாயை அடைத்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். அவன் கிழிந்த காற்சட்டையைக் கையால் பொத்திக்கொண்டு, அதே சிரிப்போடு நின்றான்.

"சரி," என்றாள். "சம்மதம்."

கேக் வெட்டப்பட்டது, வெட்டியவர் சூசைதாசன். முதல் துண்டைச் செலீன் அவர் வாயிலேயே வைத்தாள். மிதுனன் வந்து, "அங்கிள், அப்பை அழிச்சுப்போட்டன்," என்று சொல்லிவிட்டு, யாரும் கேளாமலே தோடம்பழங்களை வெட்டத் தொடங்கினான். சூசைதாசன் எட்டிப் பார்த்தார். துண்டுகள் சமனில்லை. இன்றைக்கு மன்னித்தார்.

"அப்ப, அன்ரி," நடாஷா கேக்கை மென்றுகொண்டு கேட்டாள், "நான் பாஸோ?"

"நீ நல்லா ஓடுறாய் பிள்ளை," என்றாள் செலீன். "ஆனா சத்தம் கூட. சீசன் முடியட்டும், யோசிப்பம்."

வான் வரைக்கும் சூசைதாசன் வழியனுப்பப் போனார். உள்ளே பின் இருக்கையில் யாரோ கைபேசியில் மூழ்கி, முழங்கால் இரண்டும் தாடைக்கு வர, மடங்கி உட்கார்ந்திருந்தார்கள். சூசைதாசனின் கண் கூரைக்கும் அந்தத் தலைக்கும் இடையிலிருந்த வெளியை அளந்தது. வெளி இருக்கவில்லை.

"தங்கச்சி, உவர் ஆர்?"

"இளையவன். மூத்தவனிலும் ஒரு இஞ்ச் கூட." செலீன் முன்னால் ஏறிக் கதவைச் சாத்தினாள். கண்ணாடியை இறக்கி, விரலைக் காட்டினாள். "இந்த முறை அகஸ்ரினை அனுப்பிற வேலை வேண்டாம், அண்ணை. உவனுக்கெண்டா முறையா வீட்டை வந்து கேளுங்கோ."